கார்டிங் ரூமில் மதியச் சாப்பாடு

இருமக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு இன்னிக்குச் சோலி. வெளுத்த சட்டையைத் தேச்சு வெச்சது தாரணி, சரிகை வேட்டியை எடுத்துக் குடுத்தது தாரணி, ஆட்டோவுல வர்றப்ப என்ற கையைப் பிடிச்சுக்கிட்டு அவ கேட்டது இதொண்ணுதான். "அப்பா, சாப்பிட்டு எந்திரிக்கற வரைக்கும் இருமாம இருங்க, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்." பெத்த மக வாயைத் தொறந்து இத்தனை நாள்ல ஒண்ணு கேக்கறா, இதைக்கூடச் செய்யலீன்னா நான் என்ன அப்பன். ஆனா பாரு, இருமக் கூடாதுன்னு நெனச்ச உடனே தொண்டைக்குள்ள ஒருத்தன் பாயை விரிச்சு உக்காந்துக்கறான். கம்முனு இருடா. எடது கடவாயில வெல்லக்கட்டி ஒதுக்கி வெச்சிருக்கறேன், கரையக் கரைய எச்சியை முழுங்கினா அவன் கீழ போயிருவான். மூக்குல இழு, மெதுவா இழு, முழுசா இழுக்காத, பாதியில நிறுத்து. சரி, அதெல்லாம் இருக்கட்டும், இந்தக் கோயமுத்தூர்ல வேற ஓட்டலே இல்லையா? ரெண்டு குடும்பமும் மொதல்ல வெளிய பொதுவா ஒரு எடத்துல பாத்துக்கலாம்னு மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்களாம், அந்தப் பையன் சுதர்சன் போன்லயே இந்த எடத்துல மேசை சொல்லி வெச்சுட்டானாம். பழைய மில்லை அப்படியே வெச்சு கடைகடையா பண்ணியிருக்காங்க, ரொம்ப அழகா இருக்கும்னானாம். தாரணிக்கு வேண்டாம்னு சொல்ல வாய் வரல. ஏன் வேண்டாம்னு கேட்டா என்ன சொல்லுவா? எங்கப்பன் இந்த மில்லுலதான் பஞ்சு தின்னான், அந்தப் பஞ்சு இன்னும் அவன் நெஞ்சுக்குள்ள இருக்குதுன்னா? வாசல்ல எறங்கி போர்டைப் பாத்தேன். கார்டிங் ரூம். இங்கிலீசுல எழுதி உள்ளுக்குள்ள லைட் போட்டிருக்கு. அட கெரகமே. கார்டிங்னா பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கற எடம், எங்க டிபார்ட்மென்ட்டு. கார்டிங்க்காரன் வர்றான்னா கேன்டீன்ல மத்த டிபார்ட்மென்ட்காரனெல்லாம் ஒரு ஆள் தள்ளித்தான் உக்காருவான், தலையில பஞ்சு, புருவத்துல பஞ்சு, காதுக்குள்ள பஞ்சு. அந்த எடத்துல இப்ப சோறு போடறானுக, அந்தப் பேரையே வெச்சு.

வட்ட மேசை. எனக்கு நேர் எதுத்தாப்பல வசந்தாமணி, மாப்பிள்ளையோட அம்மா, மாம்பழக் கலர் பட்டு. பக்கத்துல அவங்க வீட்டுக்காரர் பொங்கியண்ணன், கோபிப் பக்கம் உரக்கடை வெச்சிருக்கற மனுசன், வாயைத் தொறந்தா மழைப்பேச்சுத்தான். அப்பறம் பையன். எம்பக்கத்துல தாரணி. எனக்கு முதுகுக்குப் பின்னால முழுசும் கண்ணாடிச் சுவரு, அதுக்கு அக்கட்டால நடைபாதை, கடைக. முந்தி அங்க கண்ணாடியும் இல்லை ஒண்ணும் இல்லை, செங்கச் சுவரு, வெளிச்சம் வேணும்னா அண்ணாந்து கூரையைப் பாக்கணும். கூரை மட்டும் அதே கூரை. படி படியா சாஞ்சு, வடக்குப் பாத்த ஜன்னலு. அதுல இருந்து இப்ப வெள்ளை வெள்ளையா என்னமோ தொங்கவிட்டிருக்கானுக, பெரிய பெரிய பஞ்சு உருண்டை, அதுக்குள்ள பல்பு. பொய்ப் பஞ்சு, நைலானோ என்னமோ. எனக்குத் தெரியுது அது பொய்யின்னு. கண்ணுக்குத் தெரியுது, நெஞ்சுக்குத் தெரிய மாட்டேங்குது, ஒவ்வொரு தடவை ஏசி காத்துல அது ஆடறப்பவும் இந்தா இப்ப உதுரப் போகுதுன்னு இது சுருக்குப் பை மாதிரி இழுத்துக்குது. மேல பாக்காத. மேசையைப் பாரு. வசந்தாமணி மூஞ்சியைப் பாரு, சிரி. இந்தம்மாவைக் குத்தம் சொல்லவும் முடியாது. கூடப் பொறந்த தம்பியை டிபிக்குக் குடுத்தவங்க, ஆறு மாசம் பக்கத்துல இருந்து பாத்தவங்க. போன்லயே கேட்டுட்டாங்க, "உங்கப்பாவுக்கு ஏதோ நெஞ்சுல கோளாறுன்னு சொன்னாங்களே கண்ணு"ன்னு. தாரணி இல்லீங்க அத்தை, சும்மா தூசி ஒத்துக்காதுன்னுட்டா. போன வருசம் போத்தனூர்க்காரங்க பொண்ணு பாக்க வீட்டுக்கே வந்தாங்க, காப்பி குடிச்சாங்க, நான் இருமினேன், நல்லா இருமினேன், டம்ளரைக் கீழ வெச்சுப்போட்டு எந்திரிக்கறவரைக்கும் இருமினேன், மறுநாள் ஜாதகம் பொருந்தலைன்னு போன். ஜாதகத்தை அவங்க வாங்கவே இல்லை. அதுக்கு முந்தி வந்தவங்களும் அப்படித்தான். அதெல்லாம் போகட்டும், அவனுகளை இவளுக்குத் தெரியாது. இவன் அப்படியில்லை. இவனும் இவளும் ஒரே ஆபீசு, தெனமும் ஒண்ணா டீ குடிக்கறவங்க, எங்கிட்ட வந்து சொல்றப்ப அவ மூஞ்சியில இருந்ததை நான் அவங்கம்மா செத்துப்போன பொறகு பாத்ததே இல்லை. இது போச்சுன்னா அவ வேற யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டா. எனக்குத் தெரியும். முப்பது தாண்டின புள்ளை. அவ சமைச்சு வெச்சுட்டு ஆபீசு போயி, வந்து எனக்கு முதுகு தேச்சுவிட்டு, நான் இருமற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கி, அப்படியே அவளுக்கும் நரை வந்துரும்.

"அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?" இதை அவ சத்தமாக் கேக்கலை. வாயை மட்டும் அசைச்சா. எங்க வீட்டுப் பேச்சு அது. கார்டிங்ல மிஷின் ஓட ஆரம்பிச்சா பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் கேக்காது, அதனால ஒருத்தனும் கத்த மாட்டான், உதட்டை அசைப்பான், கையைக் காட்டுவான், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் சண்டையே போடுவோம், கெட்ட வார்த்தையெல்லாம் தெளிவா வரும், ஒரு சத்தம் இருக்காது. எனக்குக் காதும் அங்கயே போச்சு, பாதிக்கு மேல போச்சு, ஆனா எதுக்க இருக்கறவங்க உதடு தெரிஞ்சாப் போதும், எவ்வளவு தூரமா இருந்தாலும் புடிச்சுக்குவேன். தாரணி நடக்கப் பழகறதுக்கு முந்தியே இதைப் பழகிட்டா. கல்யாண வீட்டுல அந்த மூலையில இருந்து "அப்பா, போலாமா"ன்னு கேப்பா, நான் இந்த மூலையில இருந்து "பாயசம் வரட்டும்"பேன், நடுவுல இருக்கற ஒறம்பரைக்கு ஒண்ணும் தெரியாது. இப்பவும் அதான் பண்றா. "வெல்லம் இருக்குதா?" இருக்குது, இருக்குது, தலையை ஆட்டினேன். சாப்பாட்டுச் சீட்டைத் தூக்கிட்டு ஒரு புள்ளை வந்துச்சு, காக்கிச் சட்டை, பாக்கெட்டுல துணியில தச்ச நம்பரு. எங்க யூனிபாரத்தைத்தான் போட்டுவிட்டிருக்கானுக, ஆனா எங்க சட்டை ஒரு நாளும் இந்தக் காக்கியில இருந்ததில்லை, உள்ள போயி அரை மணி நேரத்துல வெள்ளையாயிரும். பொங்கியண்ணன் சிரிச்சுக்கிட்டே படிக்கறார். "ஷிப்ட் மீல்ஸாமா. தூக்குப்போசியில வெச்சுத் தருவாங்களாமா." வசந்தாமணி, "பழசை மறக்காம வெச்சிருக்காங்க பாருங்க"ன்னாங்க. ஆமாங்க, நல்லா வெச்சிருக்காங்கன்னு நானும் சொன்னேன். வேற என்ன சொல்ல. நான் இங்க வேலை பாத்தவன்னு சொல்லக் கூடாதுன்னு தாரணி சொல்லலை, ஆனா சொன்னா அடுத்த கேள்வி எந்த டிபார்ட்மென்ட்டுன்னு வரும், அதுக்கு அடுத்தது எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியாதா. மில்லுலதானுங்க இருந்தேன், இப்ப அதெல்லாம் ஏதுங்கன்னு பொதுவா வழுக்கிட்டுப் போயாச்சு. தூக்குப்போசி வந்துச்சு. புத்தம் புதுசு, பளபளன்னு. தொறந்தா சாம்பார் சாதம். ஆவி மேல வருது, மூஞ்சியைத் திருப்பிக்க, ஆவியும் ஆகாது, காரமும் ஆகாது, சிரிச்சா ஆகாது, வேகமாப் பேசினா ஆகாது. சின்னச் சின்ன வாயா வெச்சு மென்னுக்கிட்டே இருக்கறேன். வெல்லமும் சாம்பாரும் கலந்து வாயெல்லாம் கோயில் பிரசாதம் கணக்கா ஒரு ருசி.

வெல்லம் பஞ்சைக் கீழ எறக்கும்னு எங்களுக்கு யார் சொன்னதுன்னு தெரியாது. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வர்றப்ப மேஸ்திரி ஆளுக்கு ஒரு கட்டி குடுப்பான், அதை மென்னுக்கிட்டே சைக்கிளை எடுப்போம். எறக்கும், எறக்கும், எங்க எறக்கும்? வயித்துக்குப் போற வழி வேற, மூச்சுக்குப் போற வழி வேறன்னு அப்ப ஒருத்தனுக்கும் தோணலை. தோணியிருந்தாலும் என்ன பண்ணியிருப்போம், வெல்லத்தைத் தின்னுப்போட்டு மறுநாள் வந்திருப்போம். இருமறப்ப இனிச்சுக்கிட்டு வரும் சளி. "பொண்ணுக்கு நகை அது இதுன்னு நாங்க ஒண்ணும் கேக்கலீங்ணா," வசந்தாமணி எங்கிட்டத்தான் பேசறாங்க, உதட்டைப் பாரு, கவனம், "ரெண்டு பேரும் சம்பாரிக்கறாங்க, அவங்களுக்குத் தெரியாததா. வைகாசியில வெச்சுக்கலாம்னு பாக்கறோம். மண்டபம் பெருசா வேணும், எங்க பக்கம் ஒறம்பரை எச்சு." வைகாசி. இது ஆவணி. நல்லா சாவகாசமாத்தான் நெனைக்கறாங்க. நல்லதுங்கன்னேன். சொன்ன உடனே அவன் எந்திரிச்சுட்டான், தொண்டைக்காரன், நல்லதுங்கங்கற அந்த ஒரு வார்த்தைக்குப் போன காத்து போதும் அவனுக்கு. முழுங்கு. தண்ணி. ஒரு மடக்கு. தாரணி பாக்கறா. பாக்காதம்மா, நீ பாத்தா அவங்களும் பாப்பாங்க. லீவு முடிஞ்சு வேலைக்கு வர்ற மொத நாள் இருக்கே, அதுதான் மோசம். வாரம் பூரா உள்ளயே கெடந்தவனுக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் வீட்டுல இருந்து நல்ல காத்தைக் குடிச்சுப்போட்டு மறுக்கா உள்ள வந்தா, மத்தியானத்துக்குள்ள நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்தது மாதிரி ஆயிரும். லீவுல என்னமோ தின்னுட்டு வந்திருக்கான்னு மேஸ்திரி சிரிப்பான். நாங்களும் அதைத்தான் நம்பினோம். தேவராசு, என்ற கூட்டாளி, அவன் லீவே எடுக்க மாட்டான், எடுத்தாத்தானே வந்து மூச்சு முட்டும்னுட்டு நோம்பி நாள்லகூட வருவான். கெட்டிக்காரன்னு பேரு. மில்லு மூடினாங்க, அவனுக்கு லீவு விட்டாச்சு, அந்த வருசமே போயிட்டான். பீடின்னு எழுதினாங்க ஆஸ்பத்திரியில. பீடி நாத்தமே ஆகாது அவனுக்கு. அதென்ன, அந்த மூலையில கயிறு கட்டி விளக்குப் போட்டிருக்கானுக, கார்டு மிஷின். ஒண்ணே ஒண்ணை விட்டு வெச்சிருக்கானுக, கறுப்புப் பெயின்ட் அடிச்சு, துடைச்சு, ரெண்டு புள்ளைக அதும்மேல சாஞ்சுக்கிட்டு போட்டோ புடிக்குது. அதோட மூடியைத் தொறந்து கம்பிப் பல்லுல சிக்கின குப்பைப் பஞ்சைச் சுரண்டி எடுக்கறதுதான் என்ற வேலை. மூடியைத் தொறந்தா பறக்கற பஞ்சுல முன்னாடி நிக்கற ஆளு தெரியாது. கையைத் தூக்கித் தடவிப் பாத்துத்தான் நகரணும். அப்ப அதுல நாங்க ஒரு நாளும் சாஞ்சதில்லை.

போதும், அதை நெனைக்காத, நெனச்சா வருது. வேற எதையாவது நெனை. கல்யாணத்தை நெனை. பெரிய மண்டபம், வைகாசி வெயிலு, தாரணி சிவப்புப் பட்டுல. நான் மணவறையில உக்காரணும், தாரை வாத்துக் குடுக்கணும், அவங்கம்மா இல்லை, என்ற தம்பி பொண்டாட்டி கூட நிக்கட்டும். மணவறையில ஓமப் புகை இருக்குமே. அடக் கடவுளே, புகை. அதை அப்பப் பாத்துக்கலாம், முன்னாடியே ஐயர்கிட்டச் சொல்லி வெறகைக் கொறைக்கச் சொல்லலாம், ரெண்டு குச்சியோட முடிங்க சாமின்னு கால்ல விழுந்தாப் போச்சு. பொங்கியண்ணன் மழை பேசறார். பவானிசாகர்ல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு. சுதர்சன் நல்ல பையன், என்ற தட்டுல என்ன இருக்குது என்ன இல்லைன்னு பாத்துக்கிட்டே இருக்கறான், "மாமா, அப்பளம் வேணுங்களா?" வேண்டாம் சாமி, அப்பளம் தூள் தூளாப் போகும், அது நேரா அங்கதான் போகும். கையைக் காட்டி வேண்டாம்னேன். அப்பத்தான் அந்தக் காக்கிச் சட்டைப் புள்ளை எம்பின்னால கூடி வந்துச்சு, பக்கத்து மேசைக்கு, ஒரு இரும்புத் தட்டு, அதும்மேல என்னமோ கருகிக்கிட்டு, சுர்ருன்னு சத்தம், வெள்ளை வெள்ளையாப் புகை. அது என்னைத் தாண்டிப் போச்சு. அவ்வளவுதான். முழுங்கினேன், முழுங்கினேன், கண்ணுல தண்ணி முட்டுது, கழுத்து நரம்பு தெறிக்குது, வசந்தாமணி உதடு "என்னங்ணா"ங்குது. கை கழுவிட்டு வந்தர்றேன்னு சொல்ல வாயைத் தொறக்க முடியாது, தொறந்தாத் தீந்துது. கையைக் காட்டினேன், சிரிச்சேன், சேரைத் தள்ளினேன், விழுந்துச்சோ நின்னுச்சோ தெரியாது. ஓடக் கூடாது. நட. நட. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு நடைபாதைக்கு வந்து, ஐஸ்கிரீம் கடையைத் தாண்டி ஒரு தூண் மறைவுக்குப் போயி விட்டேன் பாரு. குனிஞ்சு, தூணைப் புடிச்சு, முட்டியில கையை ஊனி. சத்தம் கூரைக்குப் போயித் திரும்பி வருது. ஐஸ்கிரீமுக்கு நின்ன ஒரு அம்மா அவங்க புள்ளையை இழுத்து அணைச்சுக்கிட்டாங்க. செக்யூரிட்டி வந்துட்டான். "ஐயா, அந்தப் பக்கம் போயிருங்களேன், கஸ்டமருங்க பாக்கறாங்க." நானும் கஸ்டமருதான்டா. அதைச் சொல்லவும் மூச்சில்லை. கைக்குட்டையில வந்ததை மடிச்சு மடிச்சு உள்ளங்கையில அமுக்கிக்கிட்டேன். பாக்கலை. கொஞ்ச நாளாவே அதைப் பாக்கறதில்லை.

ஓஞ்சுது. தூணுல சாஞ்சு நின்னு பாதி பாதியா மூச்சை இழுத்துக்கிட்டிருக்கறேன், கண்ணாடிக்கு உள்ள எங்க மேசை தெரியுது. என்ற சேர் காலியா இருக்குது, அதுக்கு அக்கட்டால வசந்தாமணி மூஞ்சி நேருக்கு நேர், தாரணி சைடு வாக்குல. அவங்க ரெண்டு பேர்தான் பேசறாங்க. சுதர்சன் தட்டையே பாத்துக்கிட்டிருக்கறான். பொங்கியண்ணன்கூட மழையை விட்டுட்டார். கேட்டிருச்சு, நான் இருமினது உள்ள வரைக்கும் கேட்டிருச்சு. போச்சு. எல்லாம் போச்சு, கடைசியில நானே கெடுத்துப்போட்டேன், தூரமாப் போயி இருமியிருக்கணும், மில்லு கேட்டுக்கே போயிருக்கணும், ரோட்டுக்கே போயிருக்கணும். தாரணி உதடு பாதி தெரியுது. "ஒட்டாதுங்க அத்தை. சத்தியமா. இது அந்த வியாதி இல்லைங்க." வசந்தாமணி, "அப்ப என்ன கண்ணு? மறைக்காமச் சொல்லு." தாரணி ஒரு தடவை கதவைத் திரும்பிப் பாத்தா. நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருக்கறேன், அவளுக்குத் தெரியலை. தெரியாட்டியும் அவ கையைத் தூக்கி வாய்க்குக் குறுக்க வெச்சுக்கிட்டா. எனக்காகத்தான் அது. இந்த ஓட்டல்ல வேற யாருக்காக வாயை மறைக்கணும் அவ? கையை மறைப்பா வெச்சுக்கிட்டு பேசறா, ரொம்ப நேரம் பேசறா, தோள் ஆடுது. வசந்தாமணி மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மாறுது. பயம் போயிட்டு வேற என்னமோ வருது அதுல. மொதல்ல கன்னத்துல கையை வெச்சாங்க. அப்பறம் அந்தம்மா வாய் அசையுது, அவங்களுக்கு மறைக்கத் தெரியாது, மறைக்கணும்னும் தெரியாது. "அவருக்குத் தெரியுமா?" தாரணி தலை இல்லைன்னு ஆடுச்சு. "டாக்டரு என்ன சொல்றாங்க? வைகாசி வரைக்கும் இருப்பாருங்களா?" மறுக்கா தலை அப்படியே ஆடுச்சு. "தை?" தலை ஆடலை, ஆமாங்கலை, இல்லீங்கலை, அவ கையெடுத்து மூஞ்சியையே மூடிக்கிட்டா. பொங்கியண்ணன் என்னமோ கேட்டார். வசந்தாமணி அவருக்குச் சொல்றாங்க, நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா, எனக்குச் சொல்லற மாதிரியே. "சாவு விழுந்துட்டா வருசம் திரும்பற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ஐப்பசியிலயே வெச்சுப்போடலாம். இருக்கறப்பவே முடிச்சர்லாம்."

எனக்கு மொதல்ல வந்தது கோபந்தான். அடிப்பாவி தாரணி, என்ற சாவை வெச்சா நீ முகூர்த்தம் குறிக்கறே. தூசி ஒத்துக்கலைன்னியே, மாத்திரை போட்டாச் சரியாயிரும்னியே, டாக்டர் ரூமுல இருந்து வந்து அந்தச் சிரிப்புச் சிரிச்சியே. அப்பறம் பயம் வந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, எனக்குச் சாகப் பயமா இருக்குது, இத்தனை நாளா இருமலைப் பாத்துத்தான் பயந்துக்கிட்டிருந்தேன், இதை நான் நெனைக்கவே இல்லை. இருமிக்கிட்டே எண்பது வரைக்கும் இருந்தவனுக இருக்கானுக, நானும் அந்தக் கணக்குல ஒருத்தன்னுதான் இருந்தேன். தையின்னா பொங்கல். பொங்கலுக்கு நான் இல்லையா? ஐப்பசின்னா தீபாவளி. ஐஸ்கிரீம் கடையில பாட்டுப் போட்டிருக்கானுக, அந்தத் தாளம் மட்டும் தரை வழியா காலுக்கு வருது. முந்தி மிஷின் அதிர்ற அதிர்ச்சி அப்படித்தான் காலுக்கு வரும், படுத்தாலும் வரும். அந்தச் செக்யூரிட்டி இன்னும் போகலை, நான் போறனான்னு பாத்துக்கிட்டே நிக்கறான். போறன்டா, போறன். தாரணி அழுதுக்கிட்டிருக்கறா, அந்தம்மா எந்திரிச்சு வந்து அவளைத் தோளோட அணைச்சுக்கிட்டாங்க. அவ அந்தம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டு அழுகறா. எத்தனை நாளா அழுகாம வெச்சிருந்தாளோ. எம்பக்கத்துல உக்காந்து எனக்கு முதுகு தேச்சுக்கிட்டே இதை வெச்சிருந்திருக்கறா. சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு இந்தச் சம்பந்தம் போயிருக்கும், சொன்னதுனால நின்னுச்சு, அவகிட்ட வேற என்ன இருக்குது சொல்றதுக்கு. கைக்குட்டையை இடுப்புல சொருகிக்கிட்டு, மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன்.

என்னைப் பாத்த உடனே எல்லாரும் அவங்கவங்க எடத்துல சரியாயிட்டாங்க. சேரை சுதர்சன் இழுத்துப் போட்டான், கையைப் புடிச்சு உக்கார வெச்சான். மேசையில என்னமோ இனிப்பு வந்திருக்குது, பெரிய கிண்ணத்தை எம்பக்கம் தள்ளி வெச்சிருக்காங்க. இவ்வளவு மரியாதை வர்றப்ப இல்லை. வசந்தாமணி சிரிச்சாங்க, கண்ணு செவந்திருக்குது. "ஏனுங்ணா, நாங்க சும்மா பேசிக்கிட்டிருந்தோம். வைகாசி வரைக்கும் எதுக்குங்க, ஐப்பசியிலயே முடிச்சுப்போடலாமே. மண்டபமெல்லாம் வேண்டாம், கோயில்ல வெச்சுக்கலாம்." நான் அப்பத்தான் கேக்கற மாதிரி கேட்டேன். "ஏனுங்க, அவ்வளவு சீக்கிரமா?" "நல்ல காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்னுதானுங்ணா." பொங்கியண்ணன், "ஐப்பசியில மழை வந்தாலும் வரும், வந்தா வரட்டும்"ன்னார். மேசைக்குக் கீழ தாரணி என்ற முட்டி மேல கையை வெச்சிருக்கறா, அந்தக் கை ஈரமா இருக்குது. உங்க இஷ்டம் போல செய்ங்க, எனக்கு அவ நல்லா இருந்தாப் போதும்னேன். அந்தப் பேச்சுக்குப் போன காத்துல அவன் மறுக்கா எந்திரிச்சான். பழக்கத்துல வாயை இறுக்கி மூடினேன், முழுங்கினேன், வேட்டியைக் கையில சுருட்டிப் புடிச்சுக்கிட்டேன். வசந்தாமணி எந்திரிச்சு மேசையைச் சுத்தி வந்து என்ற முதுகுல கையை வெச்சாங்க. "இருமுங்ணா. எதுக்கு அடக்கறீங்க, நல்லா இருமுங்க. இனி நமக்குள்ள என்ன இருக்குது." இருமினேன். வாயைத் தொறந்து, மூடாம, அந்த மேசையில கையை ஊனிக்கிட்டு இருமினேன், ஒருத்தரும் தட்டை நகத்தலை. ஓரக்கண்ணுல தாரணி உதடு அசையறது தெரிஞ்சுது. சத்தமில்லாம எங்கிட்ட என்னமோ சொல்றா, திருப்பித் திருப்பிச் சொல்றா. நான் அவ பக்கம் திரும்பலை, திரும்பினா எனக்குத் தெரியும்ங்கறது என்ற மூஞ்சியிலயே அவளுக்குத் தெரிஞ்சுரும். தலையைக் குனிஞ்சு இருமிக்கிட்டே இருந்தேன்.